எட்டாவது வள்ளல்

கடையேழு வள்ளல்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அவர்களில் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். மயிலுக்கு உண்மையிலேயே குளிர்கிறதா, அதன் தோகையைவிட இந்தப் போர்வை உசத்தியா என்றெல்லாம் அவன் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்தான், போர்த்தினான், போய்விட்டான். ஏழோடு நின்றுபோன அந்த வரிசை இத்தனை நூற்றாண்டுகளாக நீளாமல் கிடந்தது. இப்போது எட்டாமவர் வந்துவிட்டார். அவர் மலைநாடு எதையும் ஆளவில்லை. கணினியில் குடியிருக்கிறார், கைபேசியிலும் கிளை திறந்திருக்கிறார். இறந்துபோனவர்களின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுபோய் அவர்முன் வைத்தால் போதும், வெற்றிலை மடிப்பதற்குள் வண்ணம் வழங்கிவிடுகிறார். இறந்தவர் கேட்டாரா என்ற பேச்சே கிடையாது. பழைய படங்களுக்கு நிறமேற்றும் மென்பொருளைப் புகழ்ந்து தமிழில் ஒரு பரணிகூட இல்லை என்பது நமக்குப் பெரிய இழுக்கு. எனக்குப் பாட்டு வராது. உரைநடையில் என்னாலானதைச் செய்கிறேன்.

முதலில் அதன் துணிச்சலைச் சொல்ல வேண்டும். பழைய படத்தில் பதிந்திருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டும். இந்த இடம் இவ்வளவு பிரகாசம், அந்த இடம் அவ்வளவு இருட்டு, அதோடு சரி. என்ன நிறம் என்ற சேதி ஷட்டர் மூடிய நொடியிலேயே தொலைந்தாயிற்று. நெகட்டிவின் எந்த மூலையிலும் அது ஒளிந்துகொண்டிருக்கவில்லை. ஒரே சாம்பல் அரக்காகவும் இருந்திருக்கலாம், மயில்கழுத்து நிறமாகவும் இருந்திருக்கலாம், பாசிப்பச்சையாகவும் இருந்திருக்கலாம். மனிதப் பிறவியாக இருந்தால் இந்த இடத்தில் தெரியவில்லையே என்று கையை விரிக்கும். மென்பொருள் அப்படிப்பட்ட கோழை அல்ல. ஒரு படத்தை அது மூன்று தாள்களாகப் பிரித்துப் பார்க்கிறது. முதல் தாளில் வெளிச்சம். இரண்டாவதில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே எங்கே என்ற கணக்கு. மூன்றாவதில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே எங்கே என்ற கணக்கு. நம்மிடம் இருப்பது முதல் தாள் ஒன்றுதான். மற்ற இரண்டையும் அதுவே எழுதிச் சேர்த்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு நாம் போட்டது, இரண்டு பங்கு அது போட்டது. குடும்பச் சொத்தில் எடுக்காமல் இவ்வளவு போட்ட உறவு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

இந்த வித்தையின் குருகுலம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். ரிச்சர்ட் ஜாங், பிலிப் இசோலா, அலெக்ஸி எஃப்ரோஸ் மூவரும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களை எடுத்து, நிறத்தை உரித்துவிட்டு, இது என்ன நிறமாக இருந்திருக்கும் என்று கணினியைக் கேட்டுக் கேட்டுப் பழக்கினார்கள். அதற்கு முந்தைய முறைகளில் ஒரு குறை இருந்தது. சட்டை சிவப்பா நீலமா என்று சந்தேகம் வந்தால், தப்பு குறைவாக விழட்டும் என்று கணினி இரண்டுக்கும் சராசரி எடுக்கும். மங்கலான பழுப்பு ஒன்று வந்து நிற்கும். அந்தப் பழுப்பு, கணினி தன் பாணியில் சொன்ன ‘தெரியாது’. இப்படி அடக்கமாகப் பேசுகிற பிள்ளையை யார் மதிப்பார்கள்? ஆகவே புதிய முறையில், அபூர்வமான அடர் நிறங்களுக்குக் கூடுதல் மதிப்பு வைத்து, சந்தேகம் வந்தாலும் பளிச்சென்று ஒன்றைச் சொல்லும்படி பயிற்றினார்கள். உண்மையில் இருந்த நிறத்தை மீட்பதல்ல, பார்ப்பவர் நம்பும்படியான நிறத்தைக் கொடுப்பதே தங்கள் வேலை என்று ஆய்வின் தொடக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள். சோதனையும் நடத்தினார்கள். அசல் வண்ணப் படத்தையும் கணினி தீட்டியதையும் காட்டி எது போலி என்று கேட்டதில், நூற்றுக்கு 32 தடவை மனிதர்கள் ஏமாந்தார்கள். நம் ஊரில் 35 எடுத்தால்தான் பாஸ் என்பது உண்மைதான். ஆனால் தன் மதிப்பெண்ணை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மையை மெச்ச வேண்டும். ஆய்வாளர்கள் கூச்சப்படாமல் சொன்னதை, அதற்குப் பின்னால் வந்த விளம்பரங்கள்தான் ஏனோ சொல்ல மறந்துவிட்டன. 2018இல் டிஓல்டிஃபை என்ற நிறமேற்றும் மென்பொருள் வந்தது. 2020இல் குடும்ப மரம் வரைந்து தரும் மைஹெரிடேஜ் அதற்கு உரிமம் பெற்றுத் தன் வாசலில் வைத்தது. அதே ஆண்டு போட்டோஷாப்பிலும் இதற்கென்று ஒரு பொத்தான் முளைத்தது. ‘நம்பும்படியான நிறம்’ எப்படியோ வழியில் ‘உங்கள் தாத்தா உயிரோடு எழுந்து வருகிறார்’ என்று ஆகிவிட்டது.

பொத்தானுக்கு முந்தைய காலத்தில் கையால் நிறமேற்றினவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. போட்டோஷாப்பில் முகத்துக்கு ஒரு லேயர், சட்டைக்கு ஒரு லேயர், காதோரத்து நிழலுக்கு ஒரு லேயர் என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மாஸ்க் போட்டு, கழுத்து வலிக்க வலிக்கத் தேய்ப்பார்கள். அதற்கும் முன்னால் புத்தகம் பார்ப்பார்கள், அருங்காட்சியகத்தில் விசாரிப்பார்கள். முதல் உலகப்போரின் படச்சுருள்களுக்கு நிறமேற்றி 2018இல் ஆவணப்படம் எடுத்த பீட்டர் ஜாக்சன், தன் சொந்தச் சேகரிப்பிலிருந்த அக்காலச் சீருடைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டாராம். ஒரு காக்கிக்காக இவ்வளவு பாடா! இன்றைக்குக் காக்கி என்றால் காக்கி, முடிந்தது. எந்த ரெஜிமெண்ட், எந்த வருஷத்துக் காக்கி என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்கும் பழக்கத்தையே ஒழித்ததுதான் என் கணக்கில் இந்த வள்ளலின் ஆகப் பெரிய கொடை. எங்கள் வீட்டில் என் அப்பத்தாவின் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமம், 1940களில் எடுத்தது. அதற்கு நிறமேற்றலாம் என்று தோன்றியபோது, பழைய புத்தி போகாமல், அத்தையிடம் போய்க் கேட்டேன்.

“அத்தை, அப்பத்தா கல்யாணச் சேலை என்ன கலரு?”

“அதுவா, அரக்கு. இப்ப கடையில அரக்குன்னு சொல்லி ஒண்ணு தர்றாய்ங்களே, அது இல்ல. அது வேற அரக்கு. வெயில்ல ஒரு மாதிரி இருக்கும், வீட்டுக்குள்ள வந்தா ஒரு மாதிரி இருக்கும். உங்க சின்னத்தாத்தா வெத வாங்கக் காசில்லாம அதைத்தான அடகு வச்சாரு…”

அவ்வளவுதான். சேலை அடகுக்குப் போனது, எந்த வருஷம் மழை பெய்து மீட்டார்கள், மீட்ட சேலையில் சரிகை குறைந்திருந்தது, அதைக் கேட்கப்போய் யாருக்கும் யாருக்குமோ பேச்சு நின்றது, சேலை நைந்தபின் முந்தானையைக் கிழித்து என் அப்பாவுக்குத் தொட்டில் கட்டியது, மிச்சத்தில் அத்தைக்கே ஒரு பாவாடை தைத்தது என்று சாயங்காலம் வரைக்கும் போனது. காப்பி இரண்டு தடவை வந்தது. இவ்வளவுக்கும் பிறகு கையில் கிடைத்தது அரக்கு என்ற ஒரு வார்த்தை. அதிலும் கடையில் கிடைக்கும் அரக்கு அல்ல என்ற எச்சரிக்கை வேறு. மென்பொருளிடம் கொடுத்தேன். நான்கு விநாடி. லாவெண்டர். அடகுமில்லை, மனத்தாங்கலுமில்லை, சரிகை குறைந்த வழக்குமில்லை. அத்தைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“லட்சணமா இருக்காளே. யாரு வீட்டுப் பொண்ணு?”

பெற்ற தாயைப் பார்த்து மகளே இப்படிக் கேட்கும் அளவுக்குப் படத்தைப் புதுப்பித்துக் காட்ட வேறு எந்தக் கலையால் முடியும்?

நம் பெண்கள் நிறத்துக்கு வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல் ரொம்ப நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறைதான். கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, மாம்பழம், கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில்கழுத்து, பொடி நிறம். காஞ்சிபுரத்தில் நெய்த ஒரு நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ என்றே பெயர், எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் வந்தது. ஒரு பாடகியின் பெயரால் ஒரு நீலம் இருக்கிறது என்றால் எவ்வளவு இடைஞ்சல் பாருங்கள்! கண்டாங்கிச் சேலையின் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் தனித் தலைவலி. மென்பொருளின் கிண்ணத்தில் இந்தக் கூட்டம் கிடையாது. இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நீலம், காயம்பட்ட மாதிரி ஓர் ஊதா, சந்தேகத்துக்குப் பழுப்பு. மூன்றே கிண்ணத்தில் ஒரு தலைமுறையின் அலமாரி முழுவதையும் முக்கி எடுத்துவிடுகிறது.

சமூக சீர்திருத்தத்திலும் அதற்குப் பங்கு உண்டு. கணவனை இழந்த பெண்ணுக்கு வெள்ளைச் சேலைதான் என்று விதித்திருந்த வீடுகளின் பழைய குடும்பப் படங்களைப் பாருங்கள். பின்வரிசையில், பெரும்பாலும் ஓரத்தில், தூணுக்கு அருகே ஒருத்தி நிற்பாள். அந்தச் சாம்பல் வெளுப்பு வெள்ளையா, வெளிர்மஞ்சளா, ரோஸா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? மனமிருந்தால் ரோஸ் போட்டுவிடுகிறது. விதவை மறுமணச் சட்டத்தை 1856இல் கொண்டுவந்தும் எத்தனையோ வீட்டு வாசலை அது தாண்டவில்லை. இங்கே ஒரே சொடுக்கில் வேலை முடிந்தது. அவள் ஏன் ஓரத்தில் நிறுத்தப்பட்டாள் என்று இனிப் பேரன் பேத்திகள் குழம்பவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். இதற்கு எதிர்ப்பக்கமும் நடக்கும். அக்காலத் தகடுகளில் வெளிர்நீலம் வெள்ளையாகத்தான் விழும். அதைப் பார்த்து மென்பொருள் வெள்ளையே கொடுத்துவிட்டால், பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவரின் கதி என்ன என்பதை அவரேதான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கையால் நிறம் பூசிய ஸ்டூடியோக்காரர்களும் பொய்யர்கள்தானே என்று சிலர் வாதிடுவார்கள். நிச்சயமாக. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தேடிச் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோப் படங்களில் கன்னத்தில் ரோஸ், உதட்டில் சிவப்பு, இல்லாத சங்கிலிக்கும் பொன்முலாம் எல்லாம் உண்டு. நெகட்டிவிலேயே பென்சிலால் அம்மைத் தழும்பைத் தேய்த்து எடுத்துவிடும் ரீடச்சிங்காரர் தனியாக இருப்பார். ஆனால் அந்தப் பொய்யர்களிடம் ஒரு பலவீனம் இருந்தது. பூசுவதற்கு முன் “சேலை என்னம்மா கலரு?” என்று கேட்டுத் தொலைப்பார்கள். இல்லாத சங்கிலியையும் வீட்டார் கேட்டுக்கொண்டதால்தான் வரைவார்கள். பார்த்தவுடன் பூச்சு பூச்சாகவே தெரியும். தூரிகை எங்கே ஆரம்பித்து எங்கே நின்றது என்று குழந்தைகூடக் காட்டிவிடும். கையும் களவுமாகப் பிடிபடுகிற பொய்யில் என்ன திறமை இருக்கிறது? கன்னத்தின் ரோமக்கால்வரை இறங்கி, யாரும் சொல்லாததைச் சொல்லி, எங்கே தொடங்கியது என்று காட்டாமல் முடிப்பதல்லவா கலை.

இன்னொரு வகை அப்பாவிகளும் இருந்தார்கள். நிறம் வேண்டுமென்றால் படமெடுக்கும் நேரத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவுத் துகள்களுக்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் பரப்பி ஆட்டோகுரோம் என்ற தகட்டை 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆல்பர்ட் கான் என்ற பணக்காரர் 1909 முதல் 1931 வரை அந்தத் தகடுகளோடு ஆட்களை உலகமெங்கும், இந்தியாவுக்கும்கூட, அனுப்பி ஏறத்தாழ 72,000 படங்கள் சேர்த்தார். ரஷ்யாவில் புரோகுதின் கோர்ஸ்கி சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியே ஒரே காட்சியை மூன்று தடவை எடுத்தார். கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு அலைந்தவர்கள்! அந்தப் படங்களில் நிறம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அங்கே இருந்த நிறம். இருந்ததைக் காட்டுவதற்கு இவ்வளவு செலவா என்று எந்த ஆடிட்டரும் கேட்பார்.

ஒரே கடையில் வியாபாரம் இரண்டு பக்கமும் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். நேற்று கைபேசியில் எடுத்த பேத்தியின் பிறந்தநாள் படத்துக்குச் ‘செப்பியா’ போட்டு நூறு வயது கூட்டிக்கொள்ளலாம்; நூறு வயதான பாட்டியின் படத்துக்கு வண்ணம் போட்டு நேற்றாக்கிக்கொள்ளலாம். அந்தச் செப்பியா, ஒரு காலத்தில் படத்திலிருக்கும் வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றி எடுத்தது. அறை முழுக்க அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு அதைச் செய்ததற்குக் காரணம், அப்படி மாற்றிய படம் சீக்கிரம் வெளிறாது, நாள்பட நிற்கும். நிற்பதற்காகச் செய்த வேலை இன்று பழையதாகத் தெரிவதற்கான வேஷம். நாற்றமும் போயிற்று, காரணமும் போயிற்று. நிறம் மட்டும் சுத்தமாகக் கிடைக்கிறது.

அரசியலில் இது இன்னும் உபகாரம். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கிய காலத்துப் படங்கள் கறுப்பு வெள்ளைதான். அந்தக் காலக் கூட்டப் படங்களில் கொடியின் கறுப்பையும் சிவப்பையும் பிரித்துச் சொல்வதற்குப் பார்ப்பவர் கட்சிக்காரராக இருக்க வேண்டும். மென்பொருள் எந்தக் கட்சியும் சாராதது. கொடியின் கீழ்ப்பாதிக்கு ஒரு நாள் நீலம் கொடுக்கும், மறுநாள் பச்சை கொடுக்கும். திராவிடர் கழகத்துக் கருஞ்சட்டையைக் கடற்படை நீலமாக்கி ஊர்வலம் விடும். தமிழ்நாட்டில் கட்சி மாறுவதற்கு இதைவிடச் சுலபமான, பேரமில்லாத வழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

திரைப்படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இந்தத் தொண்டு எப்போதோ ஆரம்பித்தாயிற்று. அமெரிக்காவில் டெட் டர்னர் 1980களில் பழைய படங்களைச் சாயத்தொட்டியில் இறக்கினார்; இயக்குநர் ஜான் ஹூஸ்டன் எதிர்த்தார், அவர் இறந்த பிறகு குடும்பத்தார் பிரான்சில் வழக்காடி 1991இல் ஜெயித்தார்கள். இந்தியாவில் முகல்-ஏ-ஆஸம் 2004இலும், தெலுங்கு மாயாபஜார் 2010இலும் வண்ணத்தில் வந்தன. மாயாபஜாரில் ஓடத்தில் போகும் அந்த நிலாப்பாட்டை எடுத்தவர் மார்கஸ் பார்ட்லி. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கும் சாம்பல்களை மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரில் நிலவைக் காய்ச்சியவர். கையில் நீலம் இல்லாததால்தானே அவ்வளவு பாடுபட்டார் என்று இரக்கப்பட்டு நீலம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது இரவு என்பது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிகிறது.

தோல் நிறத்துக்கு வருவோம். வள்ளலின் கை ஈரம் இங்கேதான் முழுதாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். பிறகு வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. நம் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம், நீலம் கொஞ்சம். ஆகவே மாநிறத்து மனிதர் படத்தில் கரியாக விழுவார். குங்குமப்பொட்டு கறுப்புப் புள்ளியாக நிற்கும். நீலவானம் முழுக்க வெளுத்துப்போகும். படத்திலிருக்கும் இருட்டு அந்த மனிதரின் நிறமல்ல, அந்தத் தகட்டின் குணம். இவ்வளவு நுணுக்கமும் மென்பொருளுக்கு எதற்கு? அது உலகத்துப் படங்களில் அதிகமாகப் பார்த்த முகம் எதுவோ, அந்த முகத்தின் நிறத்தில் ஒரு கரண்டி எடுத்து எல்லோருக்கும் சமமாகப் பரிமாறுகிறது. பந்தியில் பேதமில்லை. உழவனுக்கும் பீச் பழக் கன்னம், பண்ணையாருக்கும் பீச் பழக் கன்னம். பொட்டு கறுப்பாகவே தங்கிவிடும். சில நேரம் அதையும் மூக்குத்தியையும் தூசி என்று நினைத்து இலவசமாகத் துடைத்தும் கொடுக்கும். சிவப்பழகு கிரீமுக்கு இத்தனை ஆண்டு நாம் அழுத காசை நினைத்தால் வயிறு எரிகிறது. இறந்தவர்களுக்கு அது இப்போது சும்மா கிடைக்கிறது.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தின்போது, குதிரைப்படை அதிகாரியாக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் பட்டினி கிடந்தவர்களைக் குழுக் குழுவாக உட்கார வைத்துப் படமெடுத்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவர்கள் கேமராவுக்காக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். படமெடுத்தாரே, சோறு போட்டாரா என்று அக்காலத்திலேயே அவரைக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியெல்லாம் இப்போது பழசு. அப்படியொரு படத்தை மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஒட்டிய வயிற்றுக்கு ஆரோக்கியமான பழுப்பு வருகிறது. குச்சிக் கைக்கு மெல்லிய ரோஸ் ஓடுகிறது. வெறும் தரையில் அங்கங்கே புல் முளைக்கிறது, ஏனென்றால் அது கற்ற படங்களில் மனிதர்கள் வெளியே உட்கார்ந்தால் பெரும்பாலும் புல்லில்தான் உட்கார்ந்தார்கள். ஹூப்பர் போடாத சோற்றை மென்பொருள் போட்டுவிட்டது. தகட்டில் வெளுத்துக் கிடந்த வானத்தைத் துளி மேகமில்லாத நீலமாக்குகிறதே, அது மட்டும் சரி. மழை பொய்த்த வருஷம் அல்லவா? குருட்டு அம்பும் ஒன்று இலக்கில் பட்டுவிடுகிறது.

மனிதர்களுக்கும் இந்தக் கருணை தொற்றிக்கொண்டது. கம்போடியாவின் தலைநகர் நாம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தை கெமர் ரூஜ் ஆட்சி சிறையாக்கியது. துவோல் ஸ்லெங் என்று பெயர். உள்ளே கொண்டுவந்தவுடன் ஒவ்வொருவரையும் படமெடுத்து வைப்பார்கள். அப்படி எடுக்கப்பட்ட பல்லாயிரம் பேரில் உயிரோடு வெளியே வந்தவர்கள் மிகச் சிலர். 2021 ஏப்ரலில் அயர்லாந்துக் கலைஞர் ஒருவர் அந்தப் படங்களில் சிலவற்றுக்கு நிறமேற்றிக் கொடுக்க, வைஸ் என்ற ஊடகம் வெளியிட்டது. அசலோடு ஒப்பிட்டவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: சில முகங்களில் முன்பு இல்லாத புன்னகை இருந்தது. சாகப்போகிறவரின் முகத்தில் சிரிப்பு இல்லையே என்ற குறையைக்கூட விட்டுவைக்காத தயாள மனத்தை உலகம் புரிந்துகொள்ளவில்லை. கம்போடியாவின் கலாசார அமைச்சகம் கண்டித்தது, உறவினர்கள் கொதித்தார்கள், படங்கள் நீக்கப்பட்டன. கேமராவுக்கு முன்னால் சிரித்த முகமாக இருங்கள் என்று ஊருக்கு ஊர் போட்டோகிராபர்கள் சொல்வதுதானே. நாற்பது வருஷம் கழித்துச் சொன்னால் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மைஹெரிடேஜ் தான் நிறமேற்றிய படத்தின் மூலையில் வண்ணத்தட்டு மாதிரி ஒரு சின்ன முத்திரை குத்தி, இது பின்னால் சேர்த்தது என்று அறிவிக்கிறது. ஆனால் நம் மக்கள் அழகுணர்ச்சி மிக்கவர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதற்கு முன் ஓரங்களைக் கத்தரித்து, நடுவில் பூ வைத்து, கீழே ‘என்றும் உங்கள் நினைவில்’ என்று எழுதிவிடுகிறார்கள். முத்திரை கத்தரித்த ஓரத்தோடு போய்விடுகிறது. கனமான அசல் அட்டைப் படம் பரணில் இடத்தை அடைக்கிறது. கரையான் அரித்தது போக மிச்சத்தை வீடு மாறும்போது பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொள்கிறார். வண்ணப்படம் மட்டும் குழு குழுவாக, ஊர் ஊராகப் பரவுகிறது.

அங்கேதான் வள்ளலின் அடுத்த பிறவிக்குப் படிப்பு தொடங்குகிறது. இந்த மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கும் வண்ணப் படங்களைப் பார்த்துத்தான் கற்கின்றன. நாளைக்கு வருவது எங்கள் அப்பத்தாவின் கல்யாணப் படத்தையும் பார்க்கும். தென்னாட்டு மணப்பெண், பட்டுச்சேலை, லாவெண்டர் என்று குறித்துக்கொள்ளும். பக்கத்து ஊர்ப் பெண்ணின் படமும் அதே சாயத்தொட்டியில் நனைந்து வந்திருக்கும். குறிப்பு இன்னும் உறுதிப்படும். அதற்கடுத்து யாராவது ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தை வைத்தால், இதற்கு நான்கு விநாடி எடுத்த இடத்தில் அதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. முன்னுதாரணம் இருக்கிறதே! முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் இப்போதே பதிவு செய்துகொள்வது நல்லது: ‘1940களின் சிவகங்கைச் சீமை மணப்பெண்களும் லாவெண்டர்ப் பட்டும்’. ஆதாரப் படங்களுக்குப் பஞ்சமே இருக்காது. அத்தையிடம் மட்டும் போய்க் கேட்டுவிடாதீர்கள், சாயங்காலம் ஆகிவிடும்.